சக்கரத்தை மாற்றும் முன் தாளைப் பாருங்கள்



தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கும் மகிழுந்துச் சக்கரத்திற்கும் என்ன தொடர்பு என்று உங்களுள் சிலர் கேட்கக்கூடும். தொடர்பு உண்டு. மம்பாவ், ரந்தாவ், லிங்கி வட்டாரத் தோட்டங்களில் பிறந்து நம் பள்ளிகளில் எழுத்தறிந்த பிள்ளைகள் பலர் இன்று சொந்தமாகச் சம்பாதிக்கின்றனர். தந்தை செம்பனைக் குலை வெட்டியவர். மோட்டார் சைக்கிளைத் தவிர வேறு வண்டி வைத்திராதவர். மகனோ ஒன்பது ஆண்டுத் தவணையில் கிராஸ்ஓவர் மகிழுந்து வாங்குகிறான். குடும்பத்தின் முதல் மகிழுந்து அது. இந்த வளர்ச்சியைக் கண்டு மகிழாத ஆசிரியர் உண்டா?

ஆனால், வாங்கிய சில மாதங்களிலேயே அந்த மகிழுந்துக்குப் புது ரிம், புது டயர், புது அப்சோர்பர் எல்லாம் வந்துவிடுகின்றன. சிலர் வண்டியை உயர்த்துகின்றனர், சிலர் தாழ்த்துகின்றனர். இளைஞர்களின் ஆசையைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அந்த மாற்றம் எந்தத் தாளிலும் எழுதப்படாமல் சாலைக்கு வந்துவிடுகிறதே, அதுதான் என் கவலை.

எண்கள் சொல்லும் பாடம்

கிராஸ்ஓவர் பார்வைக்கு ஜீப்பைப் போல உயர்ந்து நிற்கும். அமைப்பிலோ அது சாதாரண மகிழுந்துதான். தனி இரும்புச் சட்டகம் இல்லை. உடற்பகுதியே சட்டகமாக விளங்குகிறது. 2020ஆம் ஆண்டில் நம் நாட்டில் வெளிவந்த புரோட்டோன் எக்ஸ்50 வண்டியையே எடுத்துக்கொள்வோம். அதன் விலை குறைந்த வகைகளுக்கு 215/60 ஆர்17 டயரும், விலை கூடிய வகைகளுக்கு 215/55 ஆர்18 டயரும் பொருத்தப்பட்டன.

இதில் நம் பிள்ளைகளுக்கு நல்லதொரு கணிதப் பாடம் இருக்கிறது. 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பதைக் காட்டுகிறது. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கணக்கிட்டுப் பார்த்தால், முதல் டயரின் மொத்த விட்டம் ஏறக்குறைய 690 மில்லிமீட்டர். இரண்டாவதன் விட்டம் ஏறக்குறைய 694 மில்லிமீட்டர். வேறுபாடு ஒரு விழுக்காடுகூட இல்லை! ரிம் பெரிதானபோது பக்கச் சுவரைக் குறைத்து, மொத்த உயரத்தை உற்பத்தியாளர் காத்திருக்கிறார்.

அதே 17 அங்குல ரிம்மில், தோற்றத்திற்காக 225/65 டயரைப் பொருத்துவதாக வைத்துக்கொள்வோம். விட்டம் ஏறக்குறைய 724 மில்லிமீட்டர் ஆகிவிடும். அதாவது 5 விழுக்காடு கூடுதல். டயர் ஒருமுறை சுழலும்போது வண்டி 5 விழுக்காடு அதிகத் தூரம் போகும்; வேகமானிக்கோ அது தெரியாது. திரும்பும்போது டயர் உள்ளே உரசவும் கூடும்.

சஸ்பென்சனை உயர்த்தினால் வண்டியின் ஈர்ப்பு மையமும் உயரும். வளைவுகளில் சாய்வு கூடும். முன்சக்கரங்களைச் சுழற்றும் அச்சுத்தண்டின் கோணம் மாறி, அதன் மூட்டுகள் விரைவில் தேயும். முன்விளக்கின் ஒளியும் மேலே போகும். தோட்டத்துச் சாலையில் எதிரே மோட்டார் சைக்கிளில் வருபவரின் கண்களை அது கூசச் செய்யும். அந்த மோட்டார் சைக்கிளில் நம் அப்பாவோ அண்ணனோ இருக்கலாம் அல்லவா?

ஒரு முன்னாள் மாணவனின் அனுபவம்

என்னிடம் படித்த மாணவன் ஒருவன் செனவாங் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறான். நண்பரின் பட்டறையில் தன் கிராஸ்ஓவருக்கு ரிம், டயர், அப்சோர்பர் அனைத்தையும் மாற்றினான். செலவு 6,800 ரிங்கிட். ரசீது வாங்கவில்லை, காப்புறுதி நிறுவனத்திடமும் சொல்லவில்லை. ஒரு மழைநாள் மாலையில் ரந்தாவிலிருந்து மம்பாவ் வரும் வழியில் வண்டி சறுக்கி வாய்க்காலில் இறங்கியது. உடன் இருந்த அவன் தாயாருக்கு மணிக்கட்டில் அடி. நல்ல வேளையாக வேறெவருக்கும் எதுவும் நேரவில்லை.

இழப்பை மதிப்பிட வந்த அதிகாரி கேட்ட முதல் கேள்வியே, "இந்த அப்சோர்பரை மாற்றியது யார்? நிறுவனத்திற்குத் தெரியுமா?" என்பதுதான். அதன்பின் கடிதங்கள், விளக்கங்கள், காத்திருப்பு. ஒன்பது வாரங்களுக்குப் பிறகு உடற்பகுதிப் பழுதுக்கு மட்டும் பணம் கிடைத்தது. மாற்றிய பொருள்களுக்கு ஒரு காசும் இல்லை. இடைப்பட்ட காலத்தில் வங்கித் தவணை நிற்கவில்லை. தந்தையின் பழைய மோட்டார் சைக்கிளில்தான் இரவு வேலைக்குப் போய் வந்தான்.

"டீச்சர், காப்புறுதித் தொகையைக் கூட்டித்தானே எடுத்தேன்? ரிம்முக்கும் சேர்த்துத்தானே?" என்று அவன் என்னிடம் கேட்டான். நம்மவர் பலரின் எண்ணமும் இதுதான். அதனால்தான் இதனை எழுதுகிறேன்.

தாளில் இருப்பதே கணக்கு

காப்புறுதித் தொகையைக் கூட்டினால் ரிம்மும் அதில் அடங்கிவிடும் என்பது தவறான கருத்து. சந்தை மதிப்பு அடிப்படையில் எடுத்த காப்புறுதியில், தொகையை எவ்வளவு உயர்த்தினாலும் விபத்தின்போது உள்ள சந்தை மதிப்புக்கு மேல் கிடைக்காது. நாமாகப் பொருத்திய பொருள்களைத் தனியே குறிப்பிட வேண்டும். அதற்கெனவே நம் நாட்டு மோட்டார் காப்புறுதியில் 97ஆம் எண் கொண்ட கூடுதல் பிரிவு இருக்கிறது. வண்டியில் பொருத்திய துணைப்பொருள்களுக்கான தனிப் பாதுகாப்பு அது. சிறிது கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டும். பொருளின் பெயரும் மதிப்பும் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும்.

2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் சட்டத்தில் 9ஆவது அட்டவணை என்று ஒன்று உண்டு. காப்புறுதி எடுக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் நிறுவனம் கேட்கும் கேள்விகளுக்குத் தவறான தகவல் தராமலிருக்கத் தக்க கவனம் எடுக்க வேண்டும் என்று அது கூறுகிறது. கவனக்குறைவால் தவறான தகவல் தந்தால் இழப்பீடு விகிதப்படி குறையலாம். வேண்டுமென்றே தந்திருந்தால் ஒப்பந்தமே செல்லாமற் போகலாம்.

இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். நம் வண்டியால் பிறர் காயமுற்றால் நிறுவனம் அவருக்கு இழப்பீடு தரும். ஆனால், நாம் ஒப்பந்த விதிகளை மீறியிருந்தால், கொடுத்த பணத்தை நம்மிடமிருந்தே திரும்பப் பெற அதற்கு வழி இருக்கிறது. 6,800 ரிங்கிட் போனால் மீண்டும் சம்பாதிக்கலாம். ஓர் உயிருக்கான இழப்பீட்டை எந்தத் தோட்டக் குடும்பம் தாங்கும்?

செய்ய வேண்டியவை

முதலில், ஓட்டுநர் கதவோரத் தூணில் ஒட்டியுள்ள தாளில் டயரின் அளவையும் காற்றழுத்தத்தையும் படியுங்கள். உற்பத்தியாளர் ஏற்ற அளவுகளுக்குள்ளேயே தேர்ந்தெடுங்கள். சஸ்பென்சனில் கைவைக்கும் முன் சாலைப் போக்குவரத்துத் துறையிடம் கேளுங்கள். வாகன அமைப்பைக் குறித்து 1959ஆம் ஆண்டு முதலே விதிகள் உள்ளன. தவணை முடியும்வரை வங்கிக்கும் அந்த வண்டியில் உரிமை உண்டு என்பதால் தவணை ஒப்பந்தத்தையும் படித்துப் பாருங்கள்.

பிறகு காப்புறுதி நிறுவனத்திற்கு எழுதுங்கள். வாய்ச்சொல் போதாது. முகவர் "பரவாயில்லை, தம்பி" என்று சொன்னாலும் எழுத்தில் பதில் வரும்வரை காத்திருங்கள். 2017ஆம் ஆண்டு ஜூலை முதல் முழுமைக் காப்புறுதியின் கட்டணத்தை நிறுவனங்களே நிர்ணயிக்கின்றன. ஆகவே, ஒரு நிறுவனம் மறுக்கும் மாற்றத்தை மற்றொன்று ஏற்கலாம். நான்கு இடங்களில் கேட்பதில் தவறில்லை. ரசீதையும் படங்களையும் சேர்த்து வையுங்கள். கழற்றிய பழைய ரிம்களை விற்றுவிடாதீர்கள்.

சிறு சேதங்களுக்கு இழப்பீடு கோரும் முன்பும் கணக்குப் போடுங்கள். இழப்பீடு கோராத ஓட்டுநருக்குத் தனியார் மகிழுந்தில் முதலாண்டு 25 விழுக்காட்டில் தொடங்கும் கட்டணத் தள்ளுபடி, படிப்படியாக 55 விழுக்காடு வரை உயரும். நம் தவற்றால் நேர்ந்த சேதத்திற்கு ஒருமுறை கோரினாலும் அது போய்விடும். நிறுவனத்தின் முடிவு நியாயமற்றது என்று தோன்றினால், முதலில் அந்நிறுவனத்திடமே முறையிடுங்கள். தீராவிட்டால், 2025ஆம் ஆண்டு ஜனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தை ஒம்பட்ஸ்மன் சேவையை நாடலாம்.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எங்களுக்கு முதலில் சொல்லித்தந்தது, நாள் பாடத்திட்டம் எழுதாமல் வகுப்பில் நுழையாதே என்பதாகும். எவ்வளவு நன்றாகக் கற்பித்தாலும், ஏட்டில் இல்லாத பாடத்தைப் பார்வையிட வரும் அதிகாரி கணக்கில் கொள்ளமாட்டார். காப்புறுதியும் அப்படித்தான். சாலையில் ஓடும் வண்டியும் தாளில் உள்ள வண்டியும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நம் பெற்றோர் எழுதத் தெரியாத காலத்தில் கைநாட்டு வைத்து ஏமாந்தார்கள். படித்த நாம் படிக்காமலே கையொப்பமிட்டு ஏமாறலாமா? சிந்திப்போம்!