பொம்மை மறுபேச்சு பேசாது

சி.பி.ஆர். பழகும் பொம்மை என்றால் ஆம்புலன்ஸ் வேலைக்குப் படிக்கும் எங்கள் மாணவர்களுக்கு உயிர். நார்வேயில் பொம்மைத் தொழில் செய்துவந்த ஆஸ்மண்ட் லேர்டால் 1960-ல் கொண்டுவந்த 'ஆன்' பொம்மையின் வம்சம் அது. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5 செ.மீ.க்குக் குறையக்கூடாது, 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. சரியாக அழுத்தினால் 'க்ளிக்' என்று சத்தம் வரும். பையன்களுக்கு அதில் ஒரு பெருமை.

வீடுகளில் நோயாளி பொம்மையைப் போல வாகாகக் கிடக்கமாட்டார். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே சரிந்திருப்பார். டிவி அலறும். "பாத்துக்கிட்டே நிக்கிறீங்களே!" என்று யாராவது சட்டையைப் பிடிப்பார்கள். அதனால் ஒத்திகையை விடுதியின் மாடி அறைக்கு மாற்றினோம். சர்க்கரை இறங்கி மயங்கிய பெரியவராக நான் படுத்தேன். நெற்றியில் வியர்வைக்காகத் தண்ணீரோடு கிளிசரின். சினிமாவில் கண்ணீருக்குப் போடுவார்களே, அதேதான். மகளாக நடித்தது விடுதிச் சமையல்கார அக்கா. காலையில் மாத்திரை போட்டவர் சாப்பிடவில்லை என்பது அக்காவுக்கு மட்டுமே தெரியும். யாராவது கேட்டால்தான் சொல்ல வேண்டும்.

முதல் குழுவுக்குத் தலைவன் வகுப்பில் முதல் மாணவன். அழுத அக்காவை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு நாடி, பி.பி., ஆக்சிஜன் என்று மளமளவென்று போனான். கீழே கிடந்த எனக்கு மின்விசிறியும் நாலைந்து மூக்குத் துவாரங்களும்தான் தெரிந்தன. யாரோ பனியனைத் தூக்கினார்கள். யாரோ கையை முறுக்கினார்கள். என்ன செய்யப்போகிறோம் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஸ்ட்ரெச்சரில் வாரைக் கட்டிப் படியில் சாய்த்தபோது, உள்ளதைச் சொல்கிறேன், பயந்துபோனேன். நடிப்பு என்று தெரிந்தும் நெஞ்சு படபடத்தது. வேட்டி விலகியது, கை வாருக்குள் இருந்தது.

அடுத்த குழுவில் அதிகம் பேசாத பெண் ஒருத்தி. வந்ததும் வேட்டியைச் சரிசெய்தாள். "ஐயா, விரல்ல சின்னதா குத்துவேன்" என்றாள். பிறகு திரும்பி, "அக்கா, அப்பா காலையில என்ன சாப்பிட்டார்?" அக்கா எல்லாவற்றையும் கொட்டினார். குளுக்கோமீட்டரை எடுத்தவளிடம் 38 என்று எழுதிய சீட்டு நீட்டப்பட்டது.

ஒத்திகை முடிந்ததும் உட்கார்ந்து பேசுவதுதான் இந்தப் பயிற்சியின் பாதி. அங்கே இப்போது மதிப்பெண் போடுகிறவருக்கு முன்பாக, நோயாளியாகப் படுத்தவர் பேசுகிறார். அடுத்து, உறவினராக நின்றவர். அக்கா யாருக்கும் தாட்சண்யம் பார்ப்பதில்லை.

அடுத்த முறை அந்த முதல் மாணவனையே ஸ்ட்ரெச்சரில் கட்டினோம். முதல் திருப்பத்திலேயே, "டேய், மெதுவாடா! எங்கடா கொண்டுபோறீங்க, சொல்லிட்டுப் போங்கடா!" என்று கத்தினான்.