கல்லுக்குள் காத்து போகுமா சார்?

ரொம்ப நாளாக மனதில் கிடந்த ஒரு கடனை இன்று எழுதித் தீர்க்கிறேன்.

1998. கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பள்ளியில் பிளஸ் ஒன் லேப். மயில்துத்தத்தைச் சூடாக்கிக் காட்டினேன். நீலப் படிகம் வெள்ளைப் பொடியானது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் மறுபடி நீலம். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "தண்ணி போய்ட்டு வர்ற மாதிரி, கல்லுக்குள்ள காத்தும் போய்ட்டு வருமா சார்?" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "போர்ஷன்ல இல்லாததைக் கேக்காதே, உக்காரு" என்றேன்.

2021 மே மாதம். கொரோனாவில் என் மனைவிக்கு ஆக்சிஜன் அளவு 88. திருவள்ளூரிலும் சென்னையிலும் தேடி எங்கும் படுக்கை கிடைக்கவில்லை. இரவு பத்து மணிக்கு ஒரு ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரோடு வந்து நின்றவன் அதே பையன். சிப்காட்டில் மெயின்டனன்ஸ் வேலை. நண்பர்களிடம் அலைந்து வாங்கி வந்திருந்தான்.

மெஷின் சில நொடிக்கு ஒருமுறை 'புஸ்' என்றது. பயந்து கேட்டேன். "உள்ள ரெண்டு டப்பா சார். ரெண்டிலும் ஜியோலைட். கல்லு மாதிரிதான் சார்" என்று சொல்லித்தந்தான். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். அழுத்திச் செலுத்தினால் ஜியோலைட் படிகத்தின் நுண்துளைகள் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்கின்றன. ஆக்சிஜன் தாண்டி வந்துவிடுகிறது. அழுத்தத்தை விட்டால் நைட்ரஜன் வெளியேறும், அதுதான் அந்தப் 'புஸ்'. அதற்குள் அடுத்த டப்பா வேலையைத் தொடங்கிவிடும். கல் தேய்வதில்லை, ஆயிரக்கணக்கான முறை பிடித்து விடுகிறது. மூக்குக்கு வரும் காற்றில் ஆக்சிஜன் 90 சதவீதத்துக்கு மேல்.

அவன் 1998-ஐ ஞாபகப்படுத்தவே இல்லை. எனக்குத்தான் ஞாபகம் வந்தது. பதினோரு நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன். மனைவி பிழைத்தாள்.

2025-இல் வேதியியல் நோபல் பரிசு கிதகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் கிடைத்தது. உலோக அயனிகளையும் கரிம மூலக்கூறுகளையும் கோத்து, உள்ளே வெற்றிடம் உள்ள படிகங்களைச் செய்தவர்கள். அவற்றுக்குள் வாயுக்கள் போய் வரும், படிகம் குலையாது என்று கிதகாவா காட்டியது 1997-இல். நான் அவனை உட்காரச் சொன்னதற்கு முந்தைய வருடம்! ராப்சனுக்கு அந்த யோசனை முளைத்ததே, 1974-இல் மாணவர்களுக்குப் பாடம் நடத்த மரப்பந்துகளால் மூலக்கூறு மாதிரி செய்தபோதுதானாம். அவரும் வாத்தியார், நானும் வாத்தியார்.

தம்பி, பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாய், போடவில்லை. உன் கேள்விக்குப் பதில்: போகும், திரும்பியும் வரும். 27 வருடம் தாமதமாகச் சொல்கிறேன், மன்னித்துக்கொள்.

மற்றவர்களுக்கு ஒன்று. உங்கள் பிள்ளைகள் இப்படி ஏதாவது கேட்டால் 'உக்காரு' என்று சொல்லாதீர்கள். தெரியாவிட்டால் 'தெரியலப்பா, பாத்துச் சொல்றேன்' என்று சொல்லுங்கள். எனக்கு அன்று அது வரவில்லை.

அன்புடன்,
உங்கள் கெமிஸ்ட்ரி சார்