எரிந்தது போர்ட் மட்டும்தான்



பிள்ளைகளின் படம், கல்யாண வீடியோ என்று எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்கில் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

போன மாதம் கரண்ட் போய் வந்ததோடு எங்கள் வீட்டு ஹார்ட் டிஸ்கில் எரிந்த மணம். அதன் பிறகு சத்தமும் இல்லை, சுழலவும் இல்லை. மௌத்தான எங்கள் வாப்பா கடைசிப் பெருநாளன்று பேரப்பிள்ளைகளோடு கதைத்த வீடியோ அதற்குள்தான் இருந்தது. எடுத்த போன் எப்போதோ உடைந்துவிட்டது. கேட்டவர்கள் எல்லாரும் "அது செத்துப்போச்சு, புதுசு வாங்குங்க" என்றார்கள். டிஸ்க் வாங்கலாம், வாப்பாவின் குரலை எந்தக் கடையில் வாங்குவது?

விஷயம் என்னவென்றால், நமது பதிவுகள் இருப்பது உள்ளே சுழலும் தட்டுகளில். கீழே திருகாணி போட்டுப் பூட்டியிருக்கும் போர்ட், மோட்டரைச் சுழற்றி அந்தத் தட்டுகளை வாசிக்க வைக்கிறது, அவ்வளவுதான். போர்ட் எரிந்தாலும் தட்டுகள் அநேகமாக அப்படியே இருக்கும்.

அப்படியென்றால் அதே மாதிரி வேறு போர்டைப் பூட்டினால் சரிதானே? பழைய காலத்து டிஸ்குகளில் பெரும்பாலும் சரிவரும். இப்போதுள்ளவற்றில் அது போதாது. ஒவ்வொரு டிஸ்கையும் தொழிற்சாலையில் தனித்தனியாக அளந்து, அதற்கே உரிய கணக்குகளைப் போர்டில் உள்ள 8 கால் 'ரொம்' சிப்பில் எழுதிவிடுகிறார்கள். ஆகவே போர்டில் அச்சிட்ட இலக்கம் பொருந்த வேண்டும், பழைய சிப்பையும் புதிய போர்டுக்கு மாற்ற வேண்டும். சில மொடல்களில் அந்தச் சிப் தனியாக இருக்காது. அப்போது வேலை கஷ்டம்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கம் அலைந்து அதே இலக்கமுள்ள பழைய டிஸ்க் ஒன்றைத் தேடிப் பிடித்தோம். போன் ரிப்பெயார் செய்யும் தம்பி ஒருவர் சூட்டுக் காற்றால் சிப்பைக் கழற்றி மாற்றிப் பற்றவைத்தார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சுழன்றது. அல்ஹம்துலில்லாஹ். வேறெதையும் தொடாமல் முதலில் இரண்டு இடங்களில் கொப்பி எடுத்தோம்.

ஆனால் 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் அது பெரும்பாலும் போர்ட் பிரச்சினை இல்லை, உள்ளே வாசிக்கும் தலையின் கோளாறு. உடனே கரண்டைக் கழற்றுங்கள். மூடியை மட்டும் யாரையும் திறக்க விடாதீர்கள். அந்தத் தலைக்கும் தட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒரு தூசியை விடச் சிறியது.

போர்ட் மாற்றி மீட்க முடியாத இழப்பும் உண்டு. 2023 ஓகஸ்டில் ரான்சம்வெயார் தாக்கி, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான நமது அரசாங்க மின்னஞ்சல்கள் அழிந்தன. அந்தக் காலத்துக்குரிய பிரதி இருக்கவில்லை.

தெஹிவளை, வெள்ளவத்தைப் பக்கம் யாரிடமாவது பழுதான டிஸ்க் சும்மா கிடந்தால் குப்பையில் போடாதீர்கள். அதன் போர்ட் இன்னொரு வீட்டுக்குத் தேவைப்படலாம். போர்டின் இலக்கம் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துக் கமெண்டில் போடுங்கள்.