இருபத்தைந்து சுற்றுகள்

2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் நாட்டில் பெற்றோல் இல்லாமற் போனபோதுதான் நான் ஓடத் தொடங்கினேன். உடலைப் பேணவேண்டும் என்ற ஞானம் பிறந்து ஓடவில்லை. மோட்டார் சைக்கிளைத் தாழ்வாரத்தில் நிறுத்திவிட்டு, ஐந்து கிலோ மீற்றர் தள்ளியிருக்கும் பாடசாலைக்கு நடந்து போனவன், இடாப்பில் சிவப்புக்கோடு விழுவதற்கிடையில் ஒப்பமிட்டுவிட வேண்டுமே என்ற பயத்தில் கடைசி ஒரு கிலோ மீற்றரை ஓடினேன். வேர்த்து விறுவிறுத்துக் காரியாலயத்துக்குள் நுழைந்த என்னைப் பார்த்து அதிபர் முதலில் கதிரையைத்தான் காட்டினார். இடாப்பைப் பிறகுதான் நகர்த்தினார்.

பல்லேகமவில் காரணமில்லாமல் ஓடுகின்ற மனிதனை ஊர் இலேசில் விட்டுவிடாது. இது யானை நடமாடும் பிரதேசம். ஒருவன் ஓடினால் பின்னால் ஏதோ வருகிறது என்றுதான் பொருள். தேநீர்க்கடை முதலாளி என் முதுகுக்குப் பின்னால் பாதையை எட்டிப் பார்த்து, "கோ ஸேர், அலியா?" என்று சிங்களத்தில் யானையை விசாரித்தார். மாத்தளையிலிருந்து கிழமைக்கொரு தடவை லொறியில் சாமான் கொண்டுவரும் எங்கள் ஆள் ஒருவரோ, "என்ன மாஸ்டர், ஒங்களுக்குச் சீனி ஈக்கிது போல" என்றார்.

அவர் சொன்னது பகிடியாக முடியவில்லை. அடுத்த மாதம் கிளினிக்கில் வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது 118 என்று வந்தது. நூறுக்குக் கீழே இருக்க வேண்டியது. 126ஐத் தொட்டால் நீரிழிவு. இரண்டுக்கும் நடுவில், வேலியில் நிற்கின்ற ஆளாக நான் நின்றேன். என் வாப்பா இதே சீனியில் ஒரு பாதத்தை இழந்து, கட்டிலோடு நான்கு வருடம் கிடந்து மௌத்தானவர். லக்கலைக் கிராமங்களுக்குத் துணிப் பொட்டணி சுமந்து நடந்த கால் அது. றத்தோட்டையில் பஸ்ஸை விட்டிறங்கி, றிவர்ஸ்டன் மேட்டால் ஏறி, இலுக்கும்புரவுக்கு இறங்கி, கடனுக்குச் சாரமும் சீத்தையும் கொடுத்துவிட்டு வருவார். கண்டி மன்னர் காலத்தில் தவள மாடுகளில் பொதியேற்றி இந்த மலைகளைக் கடந்த சோனகர்களின் கடைசிக் கொழுந்து என்று அவரை நான் நினைத்துக்கொள்வதுண்டு. சிறு வயதில் ஒரு தடவை அவரோடு அந்த மேட்டில் ஏறியபோது, ஏன் இப்படி ஆமைபோல நடக்கிறீர்கள் என்று கேட்டேன். "மூச்சு வாங்கினா ஏவாரம் பேச ஏலாது மகன்" என்றார். அதை நான் சோம்பேறித்தனத்துக்கான சாட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

118ஐக் கண்ட பயத்தில் வெறிகொண்டு ஓடத் தொடங்கினேன். எங்கள் பாடசாலை மைதானத்தில் இருநூறு மீற்றர் புல் வட்டம் இருக்கிறது. இருபத்தைந்து சுற்று ஓடினால் ஐந்து கிலோ மீற்றர். முதல் தடவை 36 நிமிடம் 20 செக்கன் எடுத்தது. அதில் நான்கு சுற்று நடந்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதவேண்டும். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் மணிக்கூட்டோடு சண்டைதான். நேற்றைய நேரத்தை இன்று வெல்ல வேண்டும், இன்றையதை நாளை வெல்ல வேண்டும். பரீட்சைப் பெறுபேற்றுக்குப் பிள்ளைகளை அடித்துத் துரத்துகின்ற ஆசிரியர்களை வாய்கிழியக் கண்டிக்கின்ற நான், என் உடம்புக்கு அந்த ஆசிரியனாகவே மாறினேன். மூன்று மாதத்தில் 32 நிமிடம் 30 செக்கனுக்கு வந்தேன். அந்த இடத்தில் நேரம் நின்றுவிட்டது. அடுத்த இரண்டு மாதமும் நெஞ்சு வெடிக்க ஓடியும் நகரவில்லை. பிறகு 33 ஆனது. கடைசியில் வலது குதிக்காலுக்கு மேலுள்ள நரம்பு வீங்கி, சுபஹுக்கு எழும்பினால் சுவரைப் பிடித்துக்கொண்டு வுழூச் செய்யப் போகவேண்டிய நிலை வந்தது.

மனைவிக்கு இது நல்ல வாய்ப்பாகப் போய்விட்டது. நபி (ஸல்) அவர்களும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தியை, அபூதாவூதில் வருவதை, நான் அவளுக்கு முன்பு சொல்லியிருந்தேன். முதல் தடவை அன்னையவர்கள் வென்றார்கள். காலம் சென்று உடல் சற்றுப் பருத்த பின்னர் ஓடியபோது நபியவர்கள் வென்று, அதற்கு இது சரியாகிவிட்டது என்றார்கள். "அவங்க ரெண்டு தரம்தான் ஓடின, ஒங்களப் போல ஒவ்வொரு நாளும் கணக்குப் பார்க்கல்ல" என்றாள். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர் ஒருவர், சிங்களவர், எங்கள் மைதானத்துக்குப் பின்னால் குடியிருக்கிறார். நான் நொண்டுவதைப் பல நாள் பார்த்திருந்தவர் ஒரு மாலை வேலியருகே வந்து ஒரே கேள்விதான் கேட்டார்: "ஸேர், ஓடுற நேரம் கதைக்க ஏலுமா?" ஏலாது என்றேன். அப்படியானால் தினமும் நீங்கள் போட்டி ஓடுகிறீர்கள், பயிற்சி ஓடவில்லை என்றார். 1970இல் பேங்கொக் ஆசிய விளையாட்டு விழாவில் ஐயாயிரம், பத்தாயிரம் மீற்றர் இரண்டிலும் தங்கம் வென்ற நமது லூசியன் ரோசாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்து, நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்டில் நிறுத்தினார்.

லிடியார்ட் சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர், பால் விநியோகித்தவர். தன்னுடைய உடம்பிலேயே வருடக்கணக்கில் பரிசோதனை செய்து, வாரத்துக்கு நூறு மைல், மூச்சுத் திணறாத வேகத்தில் ஓடுவதே எல்லா ஓட்டத்துக்கும் அத்திவாரம் என்று கண்டார். எண்ணூறு மீற்றர் ஓடுகின்ற பீட்டர் ஸ்னெலையும் இருபத்திரண்டு மைல் மலைப்பாதையில் ஓடவைத்தார். இரண்டு நிமிடத்துக்குள் முடிகின்ற ஓட்டத்துக்கு இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். 1960 றோம் ஒலிம்பிக்கில் ஒரே பிற்பகலில் ஸ்னெல் எண்ணூறு மீற்றரிலும், அவருடைய இன்னொரு மாணவர் மறே ஹால்பேர்க் ஐயாயிரத்திலும் தங்கம் வென்றார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப்பட்டது, அதே லிடியார்ட் பின்னர் ஒக்லன்ட் நகரத்தில் இதய நோய் கண்டு தேறிய நடுவயதுக்காரர்களையும் மெதுவோட்டம் ஓடவைத்தார் என்பதுதான். என்னைப் போன்றவனுக்கும் அவரிடம் இடமிருக்கிறது.

தனியாக ஓடுபவன் யாரோடு கதைப்பது? நான் யாஸீன் ஓதத் தொடங்கினேன். எண்பத்து மூன்று ஆயத்துகளும் மனனம். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி, தஜ்வீத் கெடாமல் ஓத முடிகிற வேகம் எதுவோ அதுவே என் வேகம். ஆயத்தின் நடுவில் மூச்சு அறுந்தால் வேகத்தைக் குறைத்துவிடுவேன். இரண்டு தடவை ஓதி முடிக்கும்போது ஏறக்குறைய ஐந்து கிலோ மீற்றர் வந்திருக்கும். கிலோ மீற்றருக்கு எட்டு நிமிடம்! விறகுக் கட்டோடு இறங்கி வருகின்ற பெண்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் என் பக்கத்தில் நடந்துகொண்டே "குட் மோனிங் ஸேர்" சொல்லிவிட்டு, என்னை முந்திக்கொண்டும் போனான். இப்படி ஆறு மாதம் வெட்கத்தைச் சகித்தேன். குதிக்காலில் நரம்பு வீங்கியது பெரிய காரியமில்லை, இந்த வெட்கம்தான் கஷ்டமாக இருந்தது.

மெதுவாக ஓடினால் வேகம் எப்படி வரும் என்பதை விளங்கிக்கொள்ள எனக்குக் காலம் எடுத்தது. நீண்ட நேரம் நிதானமாக ஓடும்போது இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தத்தின் அளவு கூடுகிறது. கால் தசைக்குள் மயிரிழை போன்ற இரத்தக் குழாய்கள் புதிதாகப் பெருகுகின்றன. தசைக் கலங்களுக்குள் சக்தியைப் பிறப்பிக்கின்ற இழைமணிகள் எண்ணிக்கையிலும் பருமனிலும் கூடுகின்றன. உடம்பு கொழுப்பை எரிக்கப் பழகி, தசையில் சேமித்த வெல்லத்தைக் கடைசிக்கென்று மிச்சம் வைக்கிறது. இவையெல்லாம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடக்கின்ற வேலைகள். முழு மூச்சில் ஓடுகிறவன் அந்த வேலை முடிவதற்கு முன்பே களைத்துப்போய்ப் படுத்துவிடுகிறான், அல்லது என்னைப் போல நொண்டுகிறான். என்னுடைய வேகம்கூடிய நாள் வாரத்தில் ஒன்றே ஒன்று: மைதானத்தில் இரண்டு சுற்று வேகமாக, ஒரு சுற்று நடை, இப்படி ஆறு தடவை. மற்ற நாட்களெல்லாம் யாஸீன்தான்.

நோன்பு காலத்தில் இஃப்தாருக்கு முந்திய அரை மணித்தியாலம் மட்டும் ஓடுகிறேன், அதுவும் மிக மெதுவாக. மணிக்கூட்டைக் கழற்றி வைத்துவிடுவேன். 2012 லண்டன் ஒலிம்பிக் ரமழானில் வந்தபோது மோ பராஹ் நோன்பைப் பின்னர் நோற்பதாக ஒத்திவைத்து, ஐயாயிரத்திலும் பத்தாயிரத்திலும் தங்கம் வென்றார். அது அவருடைய காரியம். பல்லேகமவின் ஓட்டக்காரனுக்கு நோன்பை ஒத்திவைக்க ஒரு காரணமும் கிடையாது.

2024 ஜனவரியில் மீண்டும் மணிக்கூடு கட்டி இருபத்தைந்து சுற்று ஓடினேன். 29 நிமிடம் 5 செக்கன். அடுத்த வருடம் 27 நிமிடம் 2 செக்கன். சீனி 98க்கு இறங்கியது. வாப்பாவின் கபுறடிக்குப் போய் ஸலாம் சொன்னபோது இந்த இலக்கத்தையும் மனதுக்குள் சொன்னேன். அவர் பேசிய ஏவாரக் கணக்குகளில் இதுவும் ஒன்றாக இருக்கட்டும்.

இதற்கிடையில் ஒரு பழைய கொப்பி அகப்பட்டது. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து, 2004இல் சிங்களப் பிள்ளைகளுக்கு இரண்டாம் மொழித் தமிழ் கற்பிக்கவென்று இங்கே வந்த புதிதில் எழுதியது. கலாசாலைக் காலத்தில் கடற்கரை மணலில் ஓடிய பழக்கம் அப்போதும் விட்டிருக்கவில்லை. பல்லேகமக் கடைத்தெரு முனையிலிருந்து புறப்பட்டு, இரண்டு கிலோ மீற்றர் போய்த் திரும்பி, நான்கு கிலோ மீற்றரை 18 நிமிடம் 40 செக்கனில் ஓடியதாகக் குறித்திருக்கிறேன். இருபத்தைந்து வயதுக்காரனின் கையெழுத்தில் கர்வம் தெரிகிறது.

அந்த நேரத்தை நெருங்கிவிடலாம் என்றொரு ஆசை எழுந்தது. ஆனால் அந்தப் பாதை இப்போது இல்லை. மொரகஹகந்த – களு கங்கைத் திட்டத்தின் கீழ், 2018இல் களு கங்கை நீர்த்தேக்கத்தில் நீர் நிரப்பத் தொடங்கியபோது பழைய பல்லேகமவும் அதன் கடைத்தெருவும் பாதையும் தண்ணீருக்குள் போயின. ஊர் மேட்டுக்கு வந்தது. புதிய நகரம், அகலமான வீதிகள், புதிய கட்டடங்கள். வாப்பா பொட்டணியை இறக்கிவைத்த கடை விறாந்தைகள் அடியில் கிடக்கின்றன. வேறொரு பாதையில் நான்கு கிலோ மீற்றரை அளந்து ஓடலாம்தான். ஆனால் ஓட்டத்தில் ஏற்றமும் வளைவும் நிழலும் சேர்ந்துதான் நேரம். அந்த இளைஞனோடு நான் ஒருபோதும் போட்டியிட முடியாது. இந்த விடயத்தில் எனக்குக் கவலையா ஆறுதலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அணைக்கட்டுப் பக்கமாக மெதுவோட்டம் போகும் நாட்களில், அந்த இடம் எதுவாக இருக்கும் என்று தண்ணீரை உத்தேசமாகப் பார்ப்பேன். ஓதல் அங்கே ஒரு தடவை பிசகும்.

போன மாதம் கடைசியாக நேரம் பார்த்து ஓடினேன். சுற்றுகளை எண்ணும் பொறுப்பை ஏழாம் வகுப்பிடம் கொடுத்தேன், தமிழில் எண்ண வேண்டும் என்ற நிபந்தனையோடு. பாடத்திட்டத்தில் எண்கள் வரும் தவணைதான். ஒவ்வொரு தடவையும் நான் கோட்டைத் தாண்டும்போது முப்பது குரல்கள் ஒன்றாகக் கத்தின. பதினேழு, பதினெட்டு வரைக்கும் பிசகில்லை. எங்கள் தமிழில் பதினெட்டுக்குப் பிறகு 'பதின்' போய்ப் 'பத்தொன்பது' என்று வந்து நிற்கிறதே, அங்கேதான் சிங்களப் பிள்ளைகள் வருடா வருடம் தடுக்கி விழுவார்கள். எனக்கோ அந்த நேரத்தில் மூச்சுத்தான் காதை அடைத்திருந்தது. 'இருபத்தைந்து' என்று அவர்கள் ஆரவாரித்தபோது மணிக்கூட்டில் 25 நிமிடம் 52 செக்கன்.

பத்தொன்பது என்ற சொல்லைக் கேட்ட ஞாபகம் எனக்கு இல்லை. நிற்காமல் இன்னொரு சுற்று ஓடினேன். 26 நிமிடம் 52 செக்கன். புல்லில் விழுந்து கிடந்தபடி, "பத்தொன்பது சொன்னீங்களா?" என்று கேட்டேன். பாதி வகுப்பு சொன்னோம் என்றது. பாதி வகுப்பு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி எழுந்து, மிகவும் கவனமாக, பதினெட்டிலிருந்து எனக்கு எண்ணிக் காட்டினாள்: பதினெட்டு, இருபது.

கொப்பியில் இரண்டு நேரங்களையும் எழுதி வைத்திருக்கிறேன்.