கூலி வேறு, அன்பளிப்பு வேறு

வெளியூரில் ஒரு விடுதியில் தங்கிவிட்டுப் புறப்படும் வேளையைச் சற்று நினைத்துப் பாருங்கள். கணக்குத் தீர்த்தாயிற்று. பெட்டிகள் வாசலுக்கு வந்துவிட்டன. ஆயினும் ஒருவர், எதையும் வாய்விட்டுக் கேட்காமலும் அவ்விடத்தை விட்டு அகலாமலும் ஒதுங்கி நின்றுகொண்டிருப்பார். நம் கை சட்டைப் பைக்குப் போகும். பத்தா, இருபதா, ஐம்பதா என்று மனம் ஒரு கணம் தடுமாறும். கொடுப்பவருக்கும் கூச்சம், வாங்குபவருக்கும் கூச்சம். இந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

திருவண்ணாமலையில் பெட்டி, பை விற்கும் சிறு கடை ஒன்றை நெடுங்காலமாக நடத்தி வருகிறேன். எங்கள் ஊரின் பிழைப்பே வருகிறவர்களை நம்பித்தான் இருக்கிறது. பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றிப் 14 கிலோமீட்டர் நடக்க வருவோர், கார்த்திகை தீபத்திற்குத் திரளும் பல இலட்சம் மக்கள், குளிர்காலத்தில் ரமணாசிரமத்தை நாடி வந்து வாரக்கணக்கில் தங்கும் வெளிநாட்டார் என்று எத்தனையோ விதமான மனிதர்கள் ஒரே விடுதியின் அடுத்தடுத்த அறைகளில் தங்கிச் செல்கிறார்கள். அவ்விடுதிகளில் பணிபுரிவோர் பலர் என் வாடிக்கையாளர்கள். பை வாங்க வருவதைவிட, அறுந்த பைக்கு வார் மாட்டவும், சற்று நின்று பேசவும் வருவதே அதிகம்.

சில சமயம் வேறொரு காரியத்துக்காகவும் வருவார்கள். சட்டைப் பையிலிருந்து வெளிநாட்டு நாணயம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்து, “பாய், இது எவ்வளவு பெறும்?” என்று கேட்பார்கள். 2002ஆம் ஆண்டு முதல் யூரோ நாணயங்களே மிகுதி. இரண்டு யூரோ என்றால் இன்றைய மதிப்பில் நூறு ரூபாய்க்கும் மேல்தான். ஆனால் நாணயம் மாற்றும் கடைக்காரர் நோட்டைத்தான் வாங்குவார். சில்லறையைத் திருப்பித் தந்துவிடுவார். கொடுத்தவர் மனமாரத்தான் கொடுத்திருக்கிறார். வாங்கியவருக்கோ அது ஒரு கோப்பைத் தேநீருக்கும் உதவவில்லை. அத்தகைய நாணயங்கள் பல வீடுகளில் குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாகிவிட்டன.

இந்தப் பணியாளர்களிடம் உலக மக்களைப் பற்றிய ஒரு கணக்கு உண்டு. அமெரிக்கர் தாராளமானவர், ஜப்பானியர் கஞ்சர். கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். இரு சாராரும் தத்தம் ஊர் வழக்கப்படி நேர்மையாகவே நடக்கிறார்கள் என்பதுதான் உண்மை. அமெரிக்காவில் டிப்ஸ் பெறும் தொழிலாளிக்கு முதலாளி நேரடியாகக் கொடுத்தாக வேண்டிய கூலி, மத்தியச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர் மட்டுமே. 1991ஆம் ஆண்டு முதல் அந்தத் தொகை ஒரு சென்ட்கூட உயரவில்லை. மற்றத் தொழிலாளர்களுக்கு உரிய குறைந்த கூலி 2009 முதல் 7.25 டாலர். இடையிலுள்ள பள்ளத்தை விருந்தினரின் டிப்ஸ் நிரப்ப வேண்டும். நிரம்பாவிட்டால்தான் முதலாளி ஈடு செய்ய வேண்டும். இதைவிட அதிகம் கொடுக்கச் சொல்லும் மாநிலங்களும் உண்டு. எனவேதான் அந்நாட்டார் உணவுக்கு ஆன தொகையில் நூற்றுக்குப் பதினைந்து, இருபது என்று கணக்கிட்டு வைத்துவிட்டு எழுகிறார்கள். அங்கே வைக்காமல் போவது, உழைத்தவரின் கூலியைத் தராமல் போவதற்கு ஒப்பாகும்.

ஜப்பானில் நிலைமை நேர்மாறு. மேசையில் பணத்தை விட்டுச் சென்றால், மறந்து விட்டுவிட்டீர்கள் என்று பின்னாலேயே ஓடிவந்து கொடுப்பார்கள். அவர்களுடைய பழைமையான விடுதிகளில் உபசரிப்பவருக்கு ஏதேனும் கொடுக்க விரும்பினால், அதை உறையிலிட்டு மரியாதையோடு தருவது வழக்கம். நன்றாகப் பணியாற்றுவது சம்பளத்திற்குள் அடக்கம் என்பது அவர்களுடைய எண்ணம். அப்படிப் பழகிய ஒருவர் எங்கள் ஊரில் வெறுங்கையுடன் வணங்கி விடைபெற்றால், அதைக் கஞ்சத்தனம் என்று எப்படிச் சொல்வது?

அமெரிக்க வழக்கத்தின் பின்னே ஒரு கசப்பான வரலாறும் இருக்கிறது. உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்து அடிமைகள் விடுதலை பெற்ற பின், புல்மன் என்னும் நிறுவனம் தன் படுக்கை வசதி ரயில் பெட்டிகளில் கறுப்பின மக்களைப் பணியாளர்களாக அமர்த்திக்கொண்டது. சம்பளம் அற்பம், மிச்சத்தைப் பயணிகளிடம் கைநீட்டிப் பெற வேண்டும். நிறுவனத்தின் உரிமையாளர் பெயர் ஜார்ஜ் புல்மன். ஆகவே பயணிகள் அத்தனை பணியாளர்களையும் ‘ஜார்ஜ்’ என்றே அழைத்தார்கள். அப்பன் ஆத்தாள் வைத்த பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. 1925இல் பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் கண்டார்கள். டிப்ஸை நம்பியிராமல் வாழப் போதுமான சம்பளம் வேண்டும் என்று கேட்டார்கள். நிறுவனம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1937இல்தான். பன்னிரண்டு ஆண்டுகள்!

எங்கள் ஊரில் ஐம்பது வயதைக் கடந்து, பேரன் பேத்தி எடுத்தவரையும் ‘ரூம் பாய்’ என்றுதான் அழைக்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஒருவருக்கு நேர்ந்ததைக் கூறுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், மார்கழி மாதத்தில், அவர் பணிபுரிந்த விடுதியில் ஐரோப்பியப் பெண்மணி ஒருவரின் தங்கச் சங்கிலி காணாமற்போயிற்று. அறையைப் பெருக்கியவர் இவர். அதற்கு முன் கைப்பேசி, கடிகாரம், ஒருமுறை பணம் நிறைந்த இடுப்புப் பை என்று விருந்தினர் விட்டுச் சென்ற எத்தனையோ பொருள்களை அலுவலக மேசையில் கொண்டுபோய் ஒப்படைத்தவரும் இவரே. அமானிதம் என்ற சொல்லை அவர் அறியமாட்டார். அதன் பொருளை அறிந்தவர். ஆனால் சந்தேகம் குறைந்த சம்பளக்காரரையே முதலில் தேடி வருகிறது. “விவரம் தெரியும்வரை வேலைக்கு வரவேண்டாம்” என்று முதலாளி சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் மாலை, மடித்து வைத்திருந்த சால்வைக்குள்ளிருந்து சங்கிலி கிடைத்தது. அப்பெண்மணி கண்கலங்கி மன்னிப்புக் கேட்டு, இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை அவர் கையில் திணித்துவிட்டுப் போனார்.

மறுநாள் அவர் முதலாளியிடம் மூன்று நாள் சம்பளத்தைக் கேட்டார். “அதற்கு மேலேயே உனக்குக் கிடைத்துவிட்டதே!” என்பது பதில்.

என் கடைக்கு வந்து அவர் கேட்டது இன்றும் என் காதில் இருக்கிறது. “அந்தம்மா கொடுத்தது அவங்க மனசு சமாதானத்துக்கு. முதலாளி தர வேண்டியது என் மூணு நாளுக்கு. ரெண்டும் ஒண்ணா, பாய்?”

ஒன்றல்ல என்பதற்கு நாட்டின் உச்ச நீதிமன்றமே சான்று. வருமான வரி தொடர்பான வழக்கொன்றில், விருந்தினர் தரும் டிப்ஸ் முதலாளி கொடுக்கும் சம்பளம் ஆகாது என்று 2016இல் அது தீர்ப்பளித்தது. பிரிட்டனிலோ, தொழிலாளர்களுக்கு வந்த டிப்ஸில் முதலாளி கைவைக்கக் கூடாது என்னும் சட்டம் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்கு அங்கும் இது நடந்திருக்கிறது.

விடுதி முதலாளியைக் குறை கூறிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. வியர்வை உலருமுன் கூலி கொடுக்க வேண்டும் என்பதை நாட்காட்டியில் அச்சிட்டு மாட்டியிருக்கும் நம்மவர் கடைகளில் என்ன நடக்கிறது? ரமலான் வந்தால், கடைப் பையனுக்குச் சேர வேண்டிய போனஸை ஜகாத் கணக்கில் எழுதிவிடுகிற பெரியவர்களை நான் அறிவேன். பணியாளர் ஏழையாக இருந்தால் அவருக்கு ஜகாத் கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் கொடுத்தே தீரவேண்டிய கூலிக்கு ஈடாக அதை வைத்தால் ஜகாத் நிறைவேறாது என்பது மார்க்க அறிஞர்களின் கூற்று. கூலியும் பாக்கி, ஜகாத்தும் பாக்கி. இதைச் சொன்னதற்காக என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டவர் ஒருவர் உண்டு. பரவாயில்லை.

டிப்ஸ் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கொடுங்கள், உழைத்தவரின் கையிலேயே, அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுங்கள். அயல்நாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் நம் பிள்ளைகள் நாணயத்தை விடுத்து நம் நாட்டு நோட்டையே கொடுக்கட்டும்.

அந்த மூன்று நாள் சம்பளம் பல மாதங்கள் நிலுவையிலேயே கிடந்தது. கார்த்திகை வந்தது. தீபத்தன்று அறை வாடகை வழக்கம்போல் பல மடங்கு ஏறியது. எல்லா அறைகளும் நிரம்பின. எந்த அறையில் குழாய் ஒழுகும், எந்தக் கதவு இறுகும் என்று அறிந்தவர் அவ்விடுதியில் அவர் ஒருவரே. அன்று விடியற்காலையில் அவர் சாவிக்கொத்தை எடுக்காமல் முதலாளியின் மேசைமுன் நின்றாராம். வாசலில் பேருந்திலிருந்து இறங்கியவர்கள் மூட்டை முடிச்சுகளோடு காத்திருந்தார்கள். முதலாளி அவரைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், இழுப்பறையைத் திறந்தார். பணத்தை இருமுறை எண்ணி மடித்து வைத்துக்கொண்ட பிறகே அவர் சாவியைக் கையில் எடுத்தார்.