கோடாத கோடு

‘கோடு’ என்னும் சொல் வரைந்த வரையையும் குறிக்கும், வளைவையும் குறிக்கும். ஒரு சொல்லுக்கு இவ்விரு பொருள்களும் எங்ஙனம் அமைந்தன என மாணாக்கர் பலர் என்னை வினவியதுண்டு. நேராகத் தோன்றுவதனுள்ளும் வளைவு ஒளிந்திருக்கலாம் என்பதை அறுபது வயதைக் கடந்தபின் என் பெயரனிடம் கற்றேன்.

எண்களின் கட்டளைப்படி உலோகத்தைச் செதுக்கும் இயந்திரம் 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயக்கிக் காட்டப்பெற்றது. அத்தகைய சி.என்.சி. இயந்திரம் ஒன்றை, மரம் செதுக்குவதற்கென, என் பெயரன் எங்கள் மாடியறையில் அமைத்தான். சுழலும் உளியைத் தாங்கிய வண்டி இரண்டு உருண்டை எஃகுத் தண்டுகளின்மீது ஊர்ந்தது. 1 மீட்டர் நீளமுள்ள அத்தண்டுகள் இரு முனைகளில் மட்டுமே தாங்கப்பெற்றிருந்தன.

“தாத்தா! முதலில் எதைச் செதுக்கலாம்?” என்றான். என் தந்தையார் அமர்ந்து பாடம் சொன்ன தேக்கு ஊஞ்சற்பலகையை எடுத்துக் கொடுத்தேன். ‘தமிழ்’ என்று பொறிக்கச் சொன்னேன். அந்தோ! நடுவெழுத்து ஆழப் பதிந்தது. முன்னும் பின்னும் உள்ளவை மேலோட்டமாக நின்றன. கோடுகள் நடுங்கியிருந்தன. பெயரன் தலைகுனிந்தான். என் நெஞ்சமும் நொந்தது. ஆயினும், “பலகைக்கு மறுபக்கமும் உண்டு, அப்பா” என்றேன்.

அவன் காரணத்தை ஆராய்ந்தான். வண்டி நடுவே வரும்போது அதன் சுமையால் தண்டு தாழ்கின்றது. தண்டின் நீளம் 2 மடங்கானால் தாழ்வு 8 மடங்காகும். விட்டம் 2 மடங்கானாலோ தாழ்வு 16இல் ஒரு பங்காகக் குறையும். ஆகவே, தட்டையான அடியுடைய தண்டவாளங்களை வாங்கிக் கனத்த இரும்புச் சட்டத்தின்மீது முனை முதல் முனை வரை திருகாணிகளால் இறுக்கத் துணிந்தான். ஆனால், தண்டவாளம் தான் கிடக்கும் சட்டத்தின் வடிவையே கொள்ளும். சட்டம் கோணினால் அதுவும் கோணும். எனவே, ஓர் இரும்பு அளவுகோலைச் சட்டத்தின்மேல் நிறுத்திப் பின்னே விளக்கை வைத்து நோக்கினான். ஒளி எங்கும் கசியவில்லை. “நேராக இருக்கிறது, தாத்தா!” என்று மகிழ்ந்தான்.

அங்கு வந்த பட்டறை முதியவர் ஒருவர், “இரண்டும் பொருந்துவதால் இரண்டும் நேராகிவிடா, தம்பி. ஒன்று குழிந்து மற்றது புடைத்திருந்தாலும் இப்படியே பொருந்தும்” என்று கூறி, தம் பட்டறையில் சோதித்து வைத்திருந்த வேறோர் அளவுகோலைக் கொணர்ந்தார். அதனை வைத்தபோது சட்டத்தின் நடுவே ஒளி கசிந்தது!

இம்முறையின் வரலாறு பழையது. இங்கிலாந்தின் பொறிவல்லுநர் ஜோசப் விட்வொர்த், உலோகத்தைச் சமதளமாக்கும் வழியை 1840ஆம் ஆண்டில் அறிஞர் அவையில் விளக்கினார். மூன்று தகடுகளை மாற்றி மாற்றி ஒப்பிட்டு, மேடுகளைச் சுரண்டிக் களைதல் வேண்டும். ஒவ்வொன்றும் மற்ற இரண்டோடும் பொருந்தினாலன்றி அவை சமதளம் ஆகா.

இதனைக் கேட்ட எனக்கு ஏட்டுச்சுவடிகள் நினைவுக்கு வந்தன. இரண்டு ஏடுகளின் பாடம் ஒத்திருப்பதாலேயே அது மெய்ப்பாடம் ஆகிவிடாது. இரண்டும் ஒரே பிழையேட்டைப் பார்த்து எழுதியனவாக இருக்கலாம். வேறு வழியில் வந்த மூன்றாம் ஏடே ஐயம் தீர்க்கும்.

பெயரன் முதியவரின் அளவுகோலில் நீலச்சாயம் பூசிச் சட்டத்தின்மேல் தேய்த்தான். நீலம் பற்றிய மேடுகளைச் சுரண்டினான். பல நாட்கள் இவ்வாறு உழைத்தான். பின்னர் ஒரு தண்டவாளத்தை இறுக்கி, வண்டியை ஓட்டிப் பார்த்துக்கொண்டே மற்றதனை இணையாக அமைத்தான்.

இன்று பலகையின் மறுபக்கத்தில் மூன்று எழுத்துகளும் ஒரே ஆழத்தில் விளங்குகின்றன. அது எங்கள் கூடத்துச் சுவரை அணிசெய்கின்றது. பின்புறத்துப் பிழையை அழிக்க நான் இசையவில்லை. நம்மோடு ஒத்தவரை மட்டும் அருகில் வைத்துக்கொண்டு ‘நாம் நேரியோம்’ என்று மகிழ்தல் எளிது. மூன்றாம் கோலை அஞ்சாது ஏற்பவனே கோடாதவன் ஆவான்.