இரவல் வந்த கட்டுரை

பொருளை இரவல் கொடுப்பதினும் அறிவை இரவல் கொடுப்பது எளிதென்று கருதுவர் பலர். இரவல் போன உழவுமாடு இளைத்துத் திரும்பலாம். கற்பித்த கல்வியோ கொடுத்தாரிடத்துக் குறைவதில்லை. ஆயினும், மின்னிதழ்கள் பெருகிய இக்காலத்தில், மாட்டினும் ஒரு கட்டுரையை இரவல் பெறுதல் அரிதாகி நிற்கும் விந்தையை யான் கண்டேன். அதனையே ஈண்டு எழுதத் துணிகின்றேன்.

எனது ஊர் போடிநாயக்கனூர். ஊருக்கு மேற்கே, கொண்டையூசி வளைவுகள் 17-ஐக் கடந்து போடிமெட்டின்மேல் ஏறினால் ஏலமலை தொடங்கும். ஆங்கு விளையும் ஏலக்காய் எங்களூரில் ஏலம் போகின்றது. முன்னைய ஏலம் நம் நாட்டுச் சொல். பின்னைய ஏலம் போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற சொல். தமிழ் பயிலும் எனக்கு அச்செடியினிடத்து இருந்த பற்று இவ்வாறு சொல்லளவிலேயே நின்றது. என் சிறிய தந்தையார்க்கோ அதுவே சோறு.

சென்ற மழைக்காலத்திற்குப் பின், அவருடைய தோட்டத்தில் இளந்தளிர்களின் நடுநரம்பிலிருந்து ஓரம்வரை வெளிர்பச்சைக் கோடுகள் தோன்றின. 'கட்டே' என்னும் நோயென்று அண்டைத் தோட்டத்தார் கூறினர். அதனைப் பற்றி அறிஞர் எழுதியன உளவோவென்று என்னை வினவினார். கணினியில் தேடினேன். ஏற்றதொரு கட்டுரையின் சுருக்கம் இலவசமாகக் கிடைத்தது. முழுமையும் படிக்கவோ, தோட்டத் தொழிலாளி ஒருவரின் பல நாட் கூலியை விலையாகக் கேட்டது. அதனைக் கேட்ட அவர், "ஏப்பா, நம்ம செடியப் பத்தி எழுதுனத நாம படிக்கக் காசா?" என்றார். அவ்வினாவுக்கு என்னிடம் விடையில்லை.

எங்கள் கலாசாலை நூல்நிலைய அதிகாரியவர்களிடம் இதனைத் தெரிவித்தேன். அவர்கள் புன்னகைத்து, "நம்மிடம் இல்லாதது இல்லையென்று பொருளன்று, பிறரிடம் உண்டென்று பொருள்," என்று கூறி, அவ்விதழைப் பெறும் மற்றொரு நூல்நிலையத்திற்கு வேண்டுகோள் அனுப்பினார்கள். மூன்றாம் நாள் கட்டுரையின் படி வந்தது. உடன் ஒரு நிபந்தனையும் வந்தது: கேட்டவர் தம் சொந்தப் படிப்பிற்கு மட்டும் பயன்படுத்தல் வேண்டும், படியைப் பிறர்க்கு அனுப்பலாகாது.

இந்நிபந்தனையின் காரணத்தை அவர்களே விளக்கினார்கள். அச்சிட்ட புத்தகத்தை விலைக்கு வாங்கிய நூல்நிலையம் அதற்கு உடைமையாளன். விரும்பியவர்க்கு இரவல் தரும். மின்னிதழையோ நூல்நிலையம் வாங்குவதில்லை. சந்தா செலுத்திப் பார்க்கும் உரிமையை மட்டுமே பெறுகின்றது. இரவல் தரலாமா என்பது பதிப்பாளரோடு செய்த ஒப்பந்தத்தைப் பொறுத்தது. மின்வழியே அனுப்ப இசையும் ஒப்பந்தமும் உண்டு. தாளில் அச்சிட்டே அனுப்புகவென்னும் ஒப்பந்தமும் உண்டு. முற்றிலும் தடுப்பதும் உண்டு. ஒப்பமிடும் நாளில் இவ்வொரு வரியைக் கேட்டுப் பெறாத நூல்நிலையம், பின்னர் அயலார் கேட்கும்போது கைவிரிக்க நேரும்.

சீகாழியிற் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதனார் 1931-இல் நூல்நிலைய இயலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். படிப்பவர் ஒவ்வொருவர்க்கும் அவர்க்குரிய நூல் கிட்டல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அதே ஆண்டில் மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர்களுக்கு மாட்டுவண்டியில் நூல்கள் சென்றன. இன்று கட்டுரை செல்ல மாடும் வேண்டா, வண்டியும் வேண்டா, நொடிப்பொழுது போதும். ஆனால் அன்று வண்டியை மறிக்காத சுங்கச்சாவடி இன்று கட்டுரையை மறிக்கின்றது.

அரசினர் இதனை உணராமலில்லை. 2024 நவம்பர் 25-இல் மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' என்னுந் திட்டத்திற்கு இசைவளித்தது. மூன்றாண்டுகட்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பாளரின் ஏறத்தாழ 13,000 இதழ்களை, அரசு நடத்தும் 6,300-க்கு மேற்பட்ட கல்வி, ஆராய்ச்சி நிலையங்கட்கு வழங்க ஏற்பாடாயிற்று. போற்றத்தக்க செயலே. ஆயினும் அதன் பயன் நிலையங்களின் மாணாக்கரையும் ஆசிரியரையும் ஆராய்ச்சியாளரையும் நோக்கியது. மலைச்சரிவில் மண்வெட்டியுடன் நிற்பவரை அன்று. ஏலக்காயின் விலை எங்களூரில் கணினித் திரையில் நொடிக்கு நொடி ஏறி இறங்குகின்றது. ஏலச்செடியின் நோயைப் பற்றிய அறிவு மட்டும் அத்திரைக்கு வருவதில்லை.

படியை யான் ஊருக்கு அனுப்பவில்லை. கட்டுரையின் சொற்களுக்கே உரிமையாளர் உளர். அதன் உண்மைகளுக்கு எவரும் உரிமையாளர் அல்லர். ஆதலின் இருமுறை படித்து, பொருளை என் சொந்தத் தமிழில் எழுதிக்கொண்டு, விடுமுறைக்கு ஊர் சென்றபோது சிறிய தந்தையார்க்கு உரைத்தேன். அந்நோய் ஒரு நச்சுயிரியால் வருவது. வாழையிலும் வாழும் ஒருவகை அசுவுணிப் பூச்சி அதனைப் பரப்புகின்றது. விதையாலும் மண்ணாலும் பரவுவதில்லை. நோயுற்ற தூரைப் பிரித்து நட்டால் நோயும் உடன்வரும். பற்றிய செடிக்கு மருந்தில்லை, வேரோடு பிடுங்கி அழித்தலே வழி. அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், முந்திய ஆண்டு அண்டைத் தோட்டத்திலிருந்து தாம் தூர்கள் இரவல் வாங்கி நட்டதைக் கூறினார். மறுநாட் காலை நாற்பது தூர்களைத் தாமே பிடுங்கினார்.

தூர் இரவல் வந்த அன்றே அக்கட்டுரையும் இரவல் வந்திருந்தால், அந்த நாற்பதும் மண்ணில் ஊன்றப்பட்டிரா.

நண்பர்காள், இரண்டு செயல்களை யான் விரும்புகின்றேன். நம் நூல்நிலையங்கள் சந்தா ஒப்பந்தம் செய்யுந்தோறும் இரவல் தரும் உரிமையை எழுத்திற் கேட்டுப் பெறுக. எங்களூரில் உள்ளது போன்ற பொது நூல்நிலையங்களும் இவ்விரவற் சங்கிலியில் ஒரு கண்ணியாகச் சேர்க்கப்படுக. கடைசிக் கண்ணியாகிய தமிழில் எடுத்துரைக்கும் பணியைத் தமிழ் மாணாக்கராகிய நாம் ஏற்போம்.